நடந்துபோன பத்துக் கன்றுகள்

கொன்றைக்குளத்தின் கரையில் விலங்குகளும் பறவைகளும் சேர்ந்து ஒரு நகரம் கட்டியிருந்தன. நடுவில் சந்தைத் தெரு. அதைச் சுற்றி ஆறு தெருக்கள். நகரம் என்றால் நகரசபை வேண்டும் அல்லவா? அதுவும் இருந்தது. நகரசபை என்றால் மனு, நோட்டீஸ், முத்திரை எல்லாம் வேண்டும் அல்லவா? அவை தேவைக்கு மேலேயே இருந்தன.

சந்தைத் தெருவில் ஆறு பெரிய மரங்கள் நின்றன. மூன்று புங்கை, இரண்டு வேம்பு, ஒரு தூங்குமூஞ்சி மரம். சித்திரை வெயிலில்கூட அந்தத் தெருவில் யாரும் தலையில் துண்டு போட்டதில்லை. சந்தைக்கு வந்தவர்கள் வாங்கியதைவிட நிழலில் நின்று பேசியதுதான் அதிகம்.

தூங்குமூஞ்சி மரத்தில் ஓர் அணில் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. அதன் பெயர் தையல்நாயகி. உடம்பு கையகலம், பெயர் முழநீளம். தேங்காய் நாரைக் கொண்டுவந்து, பல்லால் கிழித்து, பஞ்சு மாதிரி ஆக்கி, கூட்டுக்கு மெத்தை போட்டிருந்தது. மழை பெய்தால் ஒரு சொட்டு உள்ளே வராது.

அந்த மரத்துக்கு நேர் எதிரே எருமை மாசிலாமணியின் பால்கோவா கடை இருந்தது. எருமை அந்தத் தெருவின் கவுன்சிலரும்கூட. அது கடைக்குப் புதிதாக ஒரு போர்டு எழுதி மாட்டியது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து: ‘மாசிலாமணி பால்கோவா. ஒருமுறை உண்பீர், மறுமுறை வாரீர்.’

தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று அந்தப் போர்டின் பாதியை மறைத்தது. தெருவில் போகிறவர்களுக்கு ‘மறுமுறை வாரீர்’ என்பது மட்டும்தான் தெரிந்தது.

“இன்றைக்குக் கடை இல்லை போலிருக்கிறது. மறுமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டு இரண்டு முயல்கள் திரும்பிப் போயின. அவற்றின் பின்னால் ஒரு மான் போயிற்று. மானுக்குப் பின்னால் ஒரு கரடிக் குடும்பமே போயிற்று.

எருமைக்கு மூக்கு விடைத்தது. ஒரு கிளையைக் கழித்தால் தீர்ந்திருக்கும் விஷயம். ஆனால் கோபம் வந்தால் எருமைக்கு அளவு தெரியாது. ‘இந்தத் தெருவில் உள்ள ஆறு மரங்களும் சாக்கடையை அடைக்கின்றன, இலை கொட்டுகின்றன, வருகிறவர் போகிறவர் தலையில் பறவைகள் எச்சம் இடுகின்றன’ என்று நகரசபைக்கு ஒரு மனு எழுதிப் போட்டது.

மனு மரப்பிரிவுக்குப் போயிற்று. மரப்பிரிவு அதிகாரி கொக்கு சடாட்சரம். கொக்கு என்றாலே ஒற்றைக்காலில் நிற்கும். சடாட்சரம் விதி விஷயத்திலும் அப்படித்தான். ‘விதி என்றால் விதி!’ என்று ஒற்றைக்காலில் நிற்கும். நேர்மையான அதிகாரி. யாரிடமும் ஓர் அயிரை மீன்கூட வாங்கியதில்லை. மரங்களுக்கான விதிகளை எழுதியதும் அதுதான்.

‘மரத்தை எடுக்கும் முன் அதில் பதினைந்து நாள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். எடுத்த ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட வேண்டும். நட்டதை அதிகாரி நேரில் பார்த்து எண்ண வேண்டும். மரத்தில் குடியிருப்போருக்கு மாற்று மரம் ஒதுக்க வேண்டும்.’

படிப்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! சடாட்சரத்துக்கும் அந்த விதிகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பெருமை வரும்.

வேலையைக் காண்டிராக்டர் நரி தணிகாசலம் எடுத்தது. மரம் வெட்டவும் அதுதான், மரம் நடவும் அதுதான். அந்த வேலையைக் கேட்டு வேறு யாரும் மனுப் போடாதபடி நரி பார்த்துக்கொண்டது.

நரி முதலில் நோட்டீஸ் ஒட்டியது. எப்படி ஒட்டியது தெரியுமா? எழுத்து உள்ள பக்கத்தை மரத்தோடு சேர்த்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டியது!

பதினைந்து நாள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பதினாறாம் நாள் காலையில் தையல்நாயகி கூட்டுக்குப் புதிதாக ஏதாவது விரிக்கலாம் என்று அந்தத் தாளைப் பிய்த்தது. திருப்பினால் எழுத்து! படித்ததும் அதன் வால் விறைத்துக்கொண்டது. இரண்டு குட்டிகளையும் முதுகில் போட்டுக்கொண்டு நகரசபைக்கு ஓடியது.

கொக்கு மேஜைமேல் ஒற்றைக்காலில் நின்று கோப்பு பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நரி, காது குளிரப் பேசிக்கொண்டிருந்தது.

“ஐயா! நான் குடியிருக்கிற மரத்தை வெட்டப் போகிறீர்களாமே!” என்றது அணில்.

“நோட்டீஸ் ஒட்டிப் பதினைந்து நாள் ஆகிறதே அம்மா. யாரும் ஆட்சேபம் சொல்லவில்லையே!” என்றது கொக்கு.

“நோட்டீஸைத் திருப்பி ஒட்டியிருந்தார்கள் ஐயா! மரத்தைத் தவிர வேறு யாராலும் படித்திருக்க முடியாது!”

கொக்கு நரியைப் பார்த்தது. நரி இரண்டு கையையும் விரித்தது. “மரத்தைப் பற்றிய நோட்டீஸ். மரம் பார்க்கும்படி ஒட்டினேன். இதில் என்ன தப்பு ஐயா?”

கொக்கு விதிப்புத்தகத்தைப் புரட்டியது. ‘மரத்தில் ஒட்ட வேண்டும்’ என்றுதான் இருந்தது. எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்று இல்லை.

“விதி மீறப்படவில்லை அம்மா” என்று கொக்கு பெருமூச்சு விட்டது. “நேற்றே உத்தரவில் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டாம். ஒன்றுக்குப் பத்து! அறுபது கன்றுகள் வரப் போகின்றன. உங்களுக்கு மாற்று மரம் இதோ இப்போதே ஒதுக்குகிறேன்.”

அலகால் மளமளவென்று எழுதி, முத்திரை குத்தி, ஒரு தாளை நீட்டியது. ‘திருமதி தையல்நாயகி மற்றும் இரண்டு குட்டிகள். மாற்று மரம்: தெற்குத் தெரு, எண் 7.’

“அந்த மரம் எவ்வளவு உயரம் ஐயா?” என்று அணில் கேட்டது.

“உயரம் பற்றி விதியில் ஒன்றும் இல்லை” என்றது கொக்கு.

மறுநாள் காலை நரி மலைக்காட்டிலிருந்து இரண்டு யானைகளைக் கூட்டிவந்தது. யானைகள் மரங்களை அண்ணாந்து பார்த்தன.

“இவற்றையா தள்ள வேண்டும்? நன்றாகத்தானே இருக்கின்றன!” என்று ஒரு யானை தயங்கியது.

“நன்றாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கெட்டுப்போனால் விறகுக்குக்கூட ஆகாது!” என்றது நரி.

யானைகளுக்கு அது சரியா தப்பா என்று விளங்கவில்லை. விளங்குவதற்குள் ஐந்து மரங்கள் விழுந்துவிட்டன. கடைசியாகத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. அணில் குட்டிகளை வாயில் கவ்வி ஒவ்வொன்றாகக் கடைக் கூரைமேல் சேர்த்திருந்தது. மெத்தையை எடுக்க மூன்றாவது முறை ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தெரு திடீரென்று வேறு தெருவாக ஆகிவிட்டது. தையல்நாயகி தகரக் கூரைமேல் நின்று மேலே பார்த்தது. ஆகாயம் இவ்வளவு பெரிதா! அத்தனை பெரிய ஆகாயத்தில் ஒளிந்துகொள்ள ஓர் இலைகூட இல்லை. பருந்தை நினைத்துக் குட்டிகளை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. கூரை கால்களைச் சுட்டது.

எருமை மட்டும் தெருவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து, “ஆகா! இங்கிருந்தும் தெரிகிறது! அங்கிருந்தும் தெரிகிறது!” என்று தன் போர்டைத் தானே ரசித்தது.

இனிக் கன்று நட வேண்டும். ஆறு தெருக்களில், தெருவுக்குப் பத்து. பெருச்சாளிகள் முந்தின நாளே அறுபது குழி தோண்டி வைத்துவிட்டன. ஆனால் நரி, ஆமையின் நாற்றுப்பண்ணையிலிருந்து எடுத்துவந்தது பத்தே பத்துக் கன்றுகள்!

“மீதி ஐம்பது?” என்று கேட்டது கழுதை செங்கமலம். கன்றுகளைச் சுமக்க நரி அதை வேலைக்கு வைத்திருந்தது.

“மீதி ஐம்பதும் இதிலேயே இருக்கிறது!” என்று நரி கண் சிமிட்டியது. “கேள். கொக்கு ஐயா மெயின் ரோட்டில்தான் வருவார். அவர் நடை தெரியும் அல்லவா? ஒரு காலைத் தூக்கினால் மறு காலை வைப்பதற்குள் ஒரு தூக்கம் போடலாம். நான் கூடவே பேசிக்கொண்டு வருவேன். ஒரு தெருவில் எண்ணி முடித்து அவர் திரும்பியதும், நீ பத்துக் கன்றையும் பையோடு பிடுங்கு. பின் சந்து வழியாக அடுத்த தெருவுக்கு ஓடு. பையோடு குழியில் வை. மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளு. அவ்வளவுதான்!”

“எனக்குச் சாப்பாடு?”

“வேலை முடிந்ததும் வயிறு நிறைய!”

“வேலை எப்போது முடியும்?”

“அறுபது ஆனதும்!”

எண்ணும் நாள் வந்தது. கொக்கு சடாட்சரம் குளித்து, இறகைக் கோதி, படிவத்தை இறக்கையில் இடுக்கிக்கொண்டு தெற்குத் தெருவுக்கு வந்தது. பத்துக் கன்றுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் எண் தொங்கியது. ஏழாம் எண் கன்றைப் பார்த்ததும் கொக்கு நின்றது. அந்தக் கன்று கேள்விக்குறி மாதிரி வளைந்திருந்தது. அதன் உச்சியில் தையல்நாயகி, இடுப்பில் ஒரு குட்டி, தலையில் ஒரு குட்டி!

“குடி வந்துவிட்டேன் ஐயா!” என்றது அணில்.

“மகிழ்ச்சி அம்மா! வீடு எப்படி?”

“காற்றோட்டம் அதிகம் ஐயா. சுவர்தான் கொஞ்சம் குறைவு.”

“போகப் போக வளரும்” என்று கொக்கு சொல்லிவிட்டுப் படிவத்தில் ‘பத்து’ என்று எழுதியது. நரி அதை மெதுவாகப் பேச்சுக் கொடுத்து மெயின் ரோட்டுக்கு அழைத்துப் போயிற்று.

அவை தெருமுனையில் திரும்பியதும் கழுதை வந்தது. கன்றுகளைப் பையோடு பிடுங்கி முதுகின் இரண்டு பக்கக் கூடைகளிலும் அடுக்கியது. ஏழாம் எண் கன்றின் அருகே வந்து தலையைச் சொறிந்தது.

“கொஞ்சம் இறங்கு தாயி. உன் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.”

“வீட்டையா? எங்கே?”

“அடுத்த தெருவுக்கு.”

“எதற்கு?”

“அங்கேயும் நட வேண்டுமாம்.”

“அப்படியானால் நானும் வருகிறேன். இந்தக் கன்று என் பெயருக்கு ஒதுக்கியது. முத்திரை இருக்கிறது, பார்! ஒருமுறை இறங்கித்தான் இந்தக் கதி. இனி இறங்க மாட்டேன்!”

கழுதைக்கு வாதாட நேரமில்லை. “எனக்கென்ன? பொதியோடு பொதி!” என்று அணிலோடு சேர்த்தே கன்றைக் கூடையில் வைத்துக்கொண்டு ஓடியது.

குட்டைத் தெரு. கொக்கு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தது. ஐந்து, ஆறு, ஏழு... ஏழில் அணில்!

“அம்மா! நீங்கள் தெற்குத் தெருவில் அல்லவா இருந்தீர்கள்?”

அணில் வாய் திறக்கும் முன் நரி குறுக்கே பாய்ந்தது. “இது வேறு அணில் ஐயா! அணில்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எதைப் பார்த்தாலும் முதுகில் மூன்று கோடு!”

தையல்நாயகிக்குக் கூடையில் ஆடி ஆடி வந்ததில் தலை சுற்றியது. பேச வரவில்லை. கொக்கு படிவத்தைப் பார்த்தது. கன்றுக்கு ஒரு கட்டம் இருந்தது. தெருவுக்கு ஒரு கட்டம் இருந்தது. அணிலுக்குக் கட்டம் இல்லை. ஆகவே ‘பத்து’ என்று எழுதிவிட்டு நடந்தது.

மூன்றாவது, மூங்கில் தெரு. இங்கே வேறொரு விசித்திரம்! கன்றுகளில் பாதி இலையைக் காணோம். கழுதைக்குக் காலையிலிருந்து பட்டினி. இரண்டு பக்கமும் பசேலென்று இலை. கழுத்தைத் திருப்பினால் வாய்க்கு எட்டுகிறது. அது என்ன செய்யும், பாவம்!

“தணிகாசலம், இலைகள் எங்கே?” என்று கொக்கு கேட்டது.

“இது இலையுதிர்க்கிற ஜாதி ஐயா!”

“பங்குனி போய்ச் சித்திரை வந்துவிட்டதே! இப்போதா உதிர்க்கும்?”

“கொஞ்சம் மறதிக்கார ஜாதி ஐயா!”

கொக்கு கண்ணை மூடி யோசித்தது. இலையை எண்ணச் சொல்லி விதியில் இல்லை. ‘பத்து’ என்று எழுதியது. ஆனால் இந்த முறை எழுதிய பிறகு கன்றுகளை மறுபடி ஒருமுறை எண்ணியது.

நான்காவது, புற்றுத் தெரு. இலை என்று சொல்ல ஏதோ இரண்டு மூன்று தொங்கின. கொக்கு எண்ணி நான்காம் முறையாகப் ‘பத்து’ என்று எழுதியது. ஏழாம் எண் கன்றில் அதே அணில். இந்த முறை அது தயாராக இருந்தது. நரி வாயைத் திறக்கும் முன் தாளை உயர்த்திப் பிடித்தது.

“ஐயா! இந்த உத்தரவில் ஒரு திருத்தம் செய்து கொடுங்கள்!”

திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் கொக்கு நிமிர்ந்தது. திருத்தத்துக்கு விதி இருக்கிறது! “என்ன திருத்தம் அம்மா?”

“இதில் தெற்குத் தெரு, எண் ஏழு என்று இருக்கிறது. குட்டைத் தெரு, எண் ஏழு என்று சேர்க்க வேண்டும். மூங்கில் தெரு, எண் ஏழு. புற்றுத் தெரு, எண் ஏழு. நான்கு முகவரியும் போட்டுக் கொடுங்கள். நாளைக்கு யாராவது வந்து, ‘நீ ஏன் இந்தத் தெருவில் இருக்கிறாய்?’ என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?”

“நீங்கள் ஏனம்மா நான்கு தெருவுக்குப் போனீர்கள்?”

“நான் எங்கேயும் போகவில்லை ஐயா! நான் என் வீட்டில்தான் இருக்கிறேன். என் வீடுதான் நடந்துகொண்டே இருக்கிறது!”

நரி கடகடவென்று சிரித்தது. “பாவம், வெயில் தலைக்கு ஏறிவிட்டது! வாருங்கள் ஐயா, அடுத்த தெருவுக்கு நேரமாகிறது.”

கொக்கு சிரிக்கவில்லை. கன்றைப் பார்த்தது, அணிலைப் பார்த்தது, படிவத்தைப் பார்த்தது. ஒரு மரத்துக்கு நான்கு முகவரி எப்படி இருக்க முடியும்?

“நீங்கள் முன்னால் போங்கள் தணிகாசலம். நான் பின்னாலேயே வருகிறேன்” என்றது.

நரி ஒரு விஷயத்தை மறந்துவிட்டது. கொக்குக்குச் சிறகு உண்டு! சடாட்சரமே அதை மறந்து வெகு நாளாகியிருந்தது. அதிகாரி ஆனதிலிருந்து கோப்பை இடுக்கிக்கொண்டு நடந்து நடந்தே அதற்குப் பழக்கம். நரி தலை மறைந்ததும் கொக்கு மெல்லப் பறந்து உயர்ந்தது. மூட்டெல்லாம் கடகடவென்றது. ஆனாலும் மேலே போய்விட்டது.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. தெற்குத் தெருவில் பத்து வெறுங்குழி. குட்டைத் தெருவில் பத்து வெறுங்குழி. மூங்கில் தெருவில் பத்து வெறுங்குழி. புற்றுத் தெருவின் பின் சந்தில் கழுதை செங்கமலம், இரண்டு கூடையிலும் குச்சிகள், அவற்றின் நடுவே அணில் குடும்பம்!

கொக்கு கழுதையின் முன்னால் இறங்கியது.

“என்ன செங்கமலம் இது?”

கழுதை வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னது: “அறுபது கன்று ஐயா. எண்ணினால் மட்டும் பத்து வரும்.”

கொக்குக்கு முகம் சிவந்தது. நரிமேல் வந்த கோபம் பாதிதான். ‘நாற்பது’ என்று எழுதியது யார்? நோட்டீஸ் திருப்பி ஒட்டப்பட்டதை அறிந்த பிறகும் ‘விதி மீறப்படவில்லை’ என்றது யார்? குட்டிகள் வெயிலில் வாடி, தாயின் வாலுக்கடியில் முகத்தைப் புதைத்திருந்தன. கொக்கு தன் ஒரு சிறகை விரித்து அவற்றின்மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டது.

“செங்கமலம், இனிச் சந்து வழியாகப் போகாதே. மெயின் ரோட்டிலேயே வா. எல்லாரும் பார்க்கட்டும்!”

ஐந்தாவது, கிணற்றுத் தெருவில் எண்ண ஒன்றும் இல்லை. ஆறாவது, வடக்குத் தெரு. அங்கேதான் கன்று நட்டு முடித்ததற்கான விழா. எருமை மாசிலாமணி கழுத்தில் மாலையோடு நின்று பேசிக்கொண்டிருந்தது. நகரமே கூடியிருந்தது. உச்சி வெயில். நிற்க நிழல் இல்லை. இருந்த ஒரே நிழல் எருமையின் நிழல்தான்! ஆகவே முயல், மான், ஆடு, கீரி எல்லாம் அதற்குள் இடித்துப் பிடித்து நின்றன. எருமை பேச்சின் வேகத்தில் ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தால் கூட்டம் முழுவதும் இடப்பக்கம் ஓடியது. வலப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கம் ஓடியது.

“என் பேச்சுக்குத்தான் என்ன ஈர்ப்பு!” என்று எருமை பூரித்துப் போயிற்று. “அன்பர்களே! இன்று நம் நகரம் பசுமையாகிவிட்டது! அதோ பாருங்கள், வருகின்றன கன்றுகள்!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கழுதை வந்தது. அதன் முதுகில் பத்து மொட்டைக் குச்சிகள். ஒரு குச்சியில் அணில். பின்னால் கொக்கு, சிறகைக் குடையாகப் பிடித்தபடி.

முதலில் ஒரு முயல் களுக்கென்றது. அவ்வளவுதான், தெருவே சிரித்தது.

கொக்கு நடந்ததை எல்லார் முன்பும் சொன்னது. கிணற்றுத் தெருவில் காத்துப் பார்த்துவிட்டு ஓடிவந்திருந்த நரியோ அசரவில்லை. முன்னால் வந்து வணங்கியது.

“ஐயா, விதியைப் பாருங்கள்! ‘பத்துக் கன்று நட வேண்டும்’ என்றுதான் இருக்கிறது. நட்டதைப் பிடுங்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது? ஒரு மரத்துக்குப் பத்து வீதம் ஆறு முறை நடுவதாக இருந்தேன். ஆறு பத்து அறுபது! நீங்களே நேரில் பார்த்து நாற்பது வரை எழுதியிருக்கிறீர்கள்!”

கூட்டம் கொக்கைப் பார்த்தது. கொக்கு விதிப்புத்தகத்தைத் திறந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டியது. மறுபடியும் புரட்டியது. நரி சொன்னது சரி! அப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை!

நரியின் வாய் காதுவரை விரிந்தது.

கொக்கு புத்தகத்தைப் பட்டென்று மூடியது. தூக்கியிருந்த காலைக் கீழே இறக்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றியது.

“விதி தப்பு!” என்றது. “அதை எழுதிய நான் தப்பு. எனக்கு வேண்டியது மரம். ஆனால் நான் கேட்டது எண்ணிக்கை. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும்!” படிவத்தை எடுத்து, நாற்பது என்று எழுதிய இடத்தை நான்காகக் கிழித்துப் போட்டது. “இன்றுமுதல் நட்ட அன்றைக்கு யாரும் எண்ணக் கூடாது. மூன்று கோடை தாண்டி எது நிற்கிறதோ அதுதான் கணக்கு. அதுவரை நட்டவனே தண்ணீர் ஊற்ற வேண்டும். பட்டுப்போனால் அவனே மறுபடி நட வேண்டும். தணிகாசலம்! அறுபது நிற்கும்வரை இந்த நகரத்தில் உனக்கு வேறு வேலை கிடையாது!”

“மூன்று கோடையா! இந்த அநியாயத்தைக் கேட்க ஆள் இல்லையா?” என்று நரி எருமையைப் பார்த்தது.

எருமை தலையைக் குனிந்துகொண்டது. அதன் கதை வேறு. காலையில் போட்ட பால்கோவா மதியத்துக்குள் வெயிலில் புளித்துவிட்டது. சந்தைத் தெருவில் இப்போது யாரும் நிற்பதே இல்லை. வருகிறார்கள், வாங்குகிறார்கள், ஓடுகிறார்கள். “போர்டு நன்றாகத்தான் தெரிகிறது. பார்க்கத்தான் ஆளைக் காணோம்” என்று முணுமுணுத்தது.

மறுநாளிலிருந்து நரி தணிகாசலம் குளத்துக்கும் தெருவுக்குமாக நடந்தது. இரண்டு குடம், அறுபது கன்று. “பொதியைத் தூக்கேன், செங்கமலம்” என்று கெஞ்சியது. “வேலை முடிந்ததும் வருகிறேன்” என்று சொல்லிவிட்டுக் கழுதை திரும்பிப் படுத்துக்கொண்டது.

முதல் கோடையில் இருபத்திரண்டு கன்றுகள் பட்டுப்போயின. நரி தலையில் அடித்துக்கொண்டு மறுபடி நட்டது. இரண்டாம் கோடையில் ஒன்பது போயின. அதற்குள் நரியிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. எந்தக் கன்றுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும், எதற்குக் காற்றுத் தாங்காது என்று அதற்கு அத்துப்படி. ஒருநாள் எருமை நடந்து போகிற போக்கில் ஒரு வேப்பங்கன்றில் முதுகைத் தேய்த்தது.

“கவுன்சிலர் என்றால் எங்கே வேண்டுமானாலும் சொறிந்துகொள்ளலாமா? தள்ளிப் போங்கள்! பச்சைக் கன்று!” என்று நரி போட்ட கூச்சல் மூன்று தெருவுக்குக் கேட்டது. எருமை பயந்து ஓடியது.

தையல்நாயகி அதுவரை எங்கே இருந்தது? மரப்பிரிவு அலுவலகத்தில், கோப்பு அலமாரியின் மேல்தட்டில். “இடம் இருக்கிறவரைக்கும் இருங்கள் அம்மா” என்று கொக்கே அழைத்துப் போயிருந்தது. பழைய மனுக்களைக் கிழித்து மெத்தை போட்டால் தேங்காய் நாரைவிட மெத்தென்றுதான் இருந்தது. மரத்தை எடுக்கக் கோரிப் புது மனு வந்தால், அணில் அதை முதலில் படித்துவிட்டு, “இதற்கு என்னய்யா பதில்?” என்று மேலிருந்து கேட்கும். மூன்றாம் கோடை முடிந்து, கிணற்றுத் தெரு வேம்பு ஒன்று கூடு தாங்கும் அளவுக்குக் கிளைத்த பிறகுதான் அது வீடு மாறியது. அதன் குட்டிகள் அதற்குள் வளர்ந்து தனிக்குடித்தனம் போயிருந்தன. மூன்று பேர் வாழ்ந்த மரம் போனது போனதுதான். தூங்குமூஞ்சி மரம் தந்த மாதிரி நிழல் இந்த நகரத்துக்குத் திரும்ப இன்னும் இருபது வருடம் ஆகும் என்று ஆமை சொன்னது. ஆமை அவசரப்பட்டு எதையும் சொல்லாது.

அடுத்த வருடம் கரடி மாணிக்கவாசகம் ஒரு மனுவோடு வந்தது. அதன் வீட்டு வாசலில் ஒரு கிழட்டுப் பூவரசு. வாசலை மறைக்கிறதாம், எடுக்க வேண்டுமாம்.

“தாராளமாக எடுக்கலாம்” என்றது கொக்கு. “அதற்குப் பதிலாக நிற்கப் போகிற மரத்தை முதலில் காட்டுங்கள்.”

“கன்று வாங்கி வைத்திருக்கிறேன் ஐயா!”

“கன்று வேண்டாம். மரத்தைக் காட்டுங்கள்.”

கரடி முணுமுணுத்துக்கொண்டே போய், வாசலின் மறுபக்கம் கன்றை நட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியது. கன்று சீக்கிரம் வளரட்டும், கிழட்டு மரத்தை ஒழிக்கலாம் என்ற ஆத்திரத்தில் எருவும் போட்டது. நான்கு வருடம் போயிற்று. ஒருநாள் மத்தியானம் கொக்கே கரடி வீட்டுக்கு வந்து, “உங்கள் மரம் வளர்ந்துவிட்டதே! உத்தரவு எழுதட்டுமா?” என்று கேட்டது.

கரடி இரண்டு மரங்களுக்கும் நடுவில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தது. காலையில் ஒரு மரத்தின் நிழல், மாலையில் மறு மரத்தின் நிழல். அது ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

“எந்த மனு ஐயா?” என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு யாருக்கும் நிழல் தராது. நட்டதை வளர்த்து ஆளாக்கியவரே மரம் வைத்தவர்.